சிவப்பு நாடா கட்டிய எட்டுக் கொடிகள்

அந்த வருஷம் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்கு வருஷம் முடிந்திருந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "இன்னும் முடிக்கலையா?" என்று கேட்டார்கள். போகாமல் இருந்தால் போன் பண்ணிக் கேட்டார்கள். என்ன தலைப்பு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருவர் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் கேட்டார், நான் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போதே அவருடைய பேருந்து வந்துவிட்டது. அது அவருடைய பேருந்துதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

தலைப்பு இதுதான்: தர்பூசணிக் கொடிக்குள் போகிற ஒரு வைரஸ், அந்தக் கொடியின் மைட்டோகாண்ட்ரியாவை என்ன செய்கிறது?

மைட்டோகாண்ட்ரியாவைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். செல்லின் ஆற்றல் நிலையம். ஒரு மார்க். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற விஷயம், எனக்கு மறக்க முடியாமல் போனது. என் கணவருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். ஊருக்கே மின்சாரம் தருகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, இலைக்குள் இருக்கிற மின்நிலையத்தைப் பார்க்க நான் தினம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

வைரஸின் பெயர் வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ். வெள்ளரி, சுரை, தர்பூசணி எல்லாம் அதற்கு ஒரே குடும்பம். அது செல்லுக்குள் நுழைந்ததும் மைட்டோகாண்ட்ரியாவின் ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பைகள் உண்டாகின்றன. அந்த மறைவில் உட்கார்ந்துதான் வைரஸ் தன்னை நகல் எடுக்கிறது என்று நம்புகிறோம். நம்புகிறோம் என்றால், எங்கள் துறையில், இன்னும் நிரூபிக்கவில்லை என்று அர்த்தம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நல்ல இலையில் அந்த ஓரம் வழவழவென்று இருக்கும். நோய் வந்த இலையில் பொரித்த அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் கொப்புளம்.

இந்த வைரஸுக்குப் பூச்சி வேண்டாம், காற்று வேண்டாம். விதையிலேயே வந்து இறங்கும். பிறகு தொட்டவர் கையிலும் வெட்டிய பிளேடிலும் ஏறி அடுத்த கொடிக்குப் போகும். அதனால் எங்களுக்கு இரண்டு விதி. நல்ல வயலுக்கு முதலில் போக வேண்டும், நோய் வயலுக்குப் பிறகு போக வேண்டும். ஒவ்வொரு கொடியையும் தொடுவதற்கு முன் கையையும் பிளேடையும் பால் பவுடர் கரைத்த தண்ணீரில் நனைக்க வேண்டும். பாலில் இருக்கிற புரதம் வைரஸை முடக்கிவிடும். புதிதாகச் சேருகிற மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

செய்யூர் பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டி, எனக்கு இரண்டு வயல்கள் கிடைத்தன. சாலையோரத்து வயலில் விதையோடு நோய் வந்திருந்தது. அதற்கு உள்ளே, ஒரே ஒரு வரப்பு தாண்டி, ஒரு நல்ல வயல். அது ஒரு அக்காவுடையது. ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, ஒரே மகன், அவனுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அனுமதி கேட்கப் போனபோது, நோய் இல்லாத இலை எதற்கு என்று கேட்டார். நோய் இருக்கிற இலையோடு ஒப்பிட என்றேன். "நல்லா கீறத இன்னாத்துக்கு கெட்டதோட சேக்குற?" என்றார். அதற்கு அப்போது என்னிடம் பதில் இருந்தது. இப்போது இல்லை.

பையிலிருந்து பால் பாட்டிலை எடுத்துக் காட்டி, இதில் கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"பாலா? செத்தவங்களுக்கு மறுநாள் தெளிக்கிறதும்மா அது. உசுரோட கீற பயிராண்ட கொண்டாந்து வெக்காத. வண்டியிலயே வெச்சிட்டு வா."

நான் புரதத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார். சரி, கையுறை போட்டுக்கொள்ளலாம், முதலில் நல்ல வயலுக்குத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்த வாரம் இலை எடுக்கப் போனேன். விதிப்படி சாலையோரத்து வயலைத் தொடாமல் தாண்டி, நேராக உள் வயலுக்கு நடந்தேன். வரப்பின் மேல் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, தூரமா நீ?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. மாதவிலக்கா என்று கேட்கிறார். பக்கத்தில் மருந்து அடிக்கிற இரண்டு ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ஆமான்னா வரப்போட நில்லு. கொடி கருகிடும். இல்லன்னா வா."

ஐயோ, எனக்கு வந்த கோபம்! எனக்குக் கோபம் வாய்க்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வரும், திரும்பி நடந்துவிடுவேன். நான்கு வருஷப் படிப்பு, நாற்பது கிலோமீட்டர் வெயில், கடைசியில் இந்தக் கேள்வி. நடந்த வேகத்தில் சாலையோரத்து வயலுக்குள் இறங்கி, அங்கே எடுக்க வேண்டிய இலைகளை எடுத்து முடித்தேன். வியர்வையில் கையுறை கிழிந்தது. கழற்றி எறிந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அதே கோபத்தோடு, அதே பிளேடோடு, வரப்புக்குத் திரும்பி வந்தேன்.

"தூரம் இல்ல. போதுமா?" என்றேன்.

அக்கா வழிவிட்டார். எட்டுக் கொடிகளைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, அடுத்த தடவை அடையாளம் தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நாடா கட்டினேன். பால் பாட்டில் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது. மோட்டார் கொட்டகையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு துணி சோப்பு. அதில் கையைக் கழுவியிருந்தால்கூட வைரஸ் ஓரளவுக்குப் போயிருக்கும். மூடநம்பிக்கையை ஒழித்துவிட்ட திருப்தியில் எனக்கு அது கண்ணில் படவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அதே எட்டுக் கொடிகளில் மறுபடி இலை எடுத்தேன். கண்ணுக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எங்கள் வேலையில் இலையைப் பறிப்பதற்கும் அதன் படத்தைப் பார்ப்பதற்கும் நடுவில் நிறைய நாள் போகும். இலையை மருந்தில் ஊறவைத்து, பிசினில் பதித்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாகச் சீவி, பிறகு நுண்ணோக்கிக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் அக்கா வீட்டுக் கல்யாணம் நடந்தது. மருமகள் அச்சரப்பாக்கத்துப் பெண். எனக்கும் பத்திரிகை வந்தது, போகவில்லை. இன்னும் முடிக்கலையா என்று கேட்பார்களே.

பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் படங்கள் வந்தன. முதல் தடவை எடுத்த நல்ல வயல் இலை: ஓரம் வழவழ. இரண்டாம் தடவை எடுத்த நல்ல வயல் இலை: ஓரமெல்லாம் கொப்புளம். உறைகள் மாறிவிட்டன என்று நினைத்து இரண்டு தடவை எண்களைச் சரிபார்த்தேன். மாறவில்லை. எட்டுக் கொடியிலும் கொப்புளம். என் வழிகாட்டி படத்தைப் பார்த்துவிட்டு, "ஒப்பிட வேற வயல் பாரு" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாணவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே அக்காவிடமிருந்து போன்.

"யம்மா, உன் நாடாவெல்லாம் வந்து அவுத்துகினு போ. கொடிய புடுங்கப் போறோம்."

"ஏங்க்கா?"

"யாவாரி வந்து நாலு காய அறுத்துப் பாத்தான். உள்ள பஞ்சு மாரி கீது, கலரும் இல்ல. வேணான்னுட்டுப் போயிட்டான். பக்கத்து வயலு போனா போச்சு, அது விதையே சரியில்ல. என் வயலு எப்டிப் போச்சு? எல்லாம் என் மருமவ பண்ண வேல."

மருமகள் என்ன செய்தாள் என்று அவரே சொன்னார். கல்யாணமான மூன்றாவது வாரம், பிஞ்சுகளுக்கு அடியில் வைக்கோல் செருக வயலில் இறங்கியிருக்கிறாள். இறங்கின இடத்திலேயே தூரமாகிவிட்டாள். நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் இலையெல்லாம் மஞ்சள் பாரித்ததாம். அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. மகன் ஒன்றும் பேசவில்லையாம். பேசமாட்டான், நல்ல பிள்ளை என்றார்.

"திரும்ப எப்ப வருவா?"

"வந்து இன்னா பண்ணப் போறா? அங்கயே கெடக்கட்டும்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உறைகளில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். என் மேசையில் இருந்த அந்தப் படம் எடுக்கப்பட்ட இலை, கல்யாணத்துக்கு முன்னாலேயே கொடியிலிருந்து வந்துவிட்டது. கொப்புளம் வந்த நாளில் அந்தப் பெண் அச்சரப்பாக்கத்தில் தன் வீட்டில் பத்திரமாக இருந்தாள். அவள் தொடவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி என்னிடம் இருந்தது. தொட்டது யார் என்பதற்கும் அதுவேதான் சாட்சி.

உடனே கிளம்பிப் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஒன்பது நாள் போகவில்லை. கூலியாட்கள் கைவழியாக வந்திருக்கலாம், கடையில் வாங்கிய விதையிலேயே இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் இட்லி சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் வேலை செய்கிற இடத்தில் வெளியே வரும்போது ஒரு மெஷினில் கையையும் காலையும் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும், எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று அது ஒத்துக்கொண்டால்தான் விடும். அதை நான் பல தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

"பிளேடக் கழுவலையா?" என்றார்.

"இல்ல."

"கைய?"

"இல்ல."

அவர் இன்னொரு இட்லி போட்டுக்கொண்டார். அந்த மனிதர் திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல், படங்களை எடுத்துக்கொண்டு செய்யூருக்குக் கிளம்பினேன்.

அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு படத்தையும் எதிரில் விரித்தேன். மனுஷி பொறுமையாகப் பார்த்தார்.

"இன்னா இது, பூரான் மாரி கீது?"

"அதுதாங்க்கா மைட்டோகாண்ட்ரியா. இலைக்கு சக்தி குடுக்கிறது. இது நல்ல இலை. இந்தப் படத்துல ஓரத்தப் பாருங்க."

"அம்மை போட்டாப்புல கீதே."

"அதேதான். இந்த ரெண்டாவது இலைய நான் எடுத்தது உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னாடி. அப்பவே வந்தாச்சு. உங்க மருமக காரணமில்ல."

"அப்ப ஆரு?"

"நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வயல், பிளேடு, கை, பால். இருபது நிமிஷம் பேசியிருப்பேன். நான்கு வருஷத்தில் என் தலைப்பை ஒருவர் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டு அக்கா தலையை ஆட்டினார், இல்லை என்று.

"கத்தி பிளேடெல்லாம் நாங்க தெனம் புடிக்கிறோம், ஒண்ணும் ஆவாது. நீ படிச்சவ, அந்தப் பொண்ணு மேல பரிதாபப்பட்டு பேசுற. முன்னாடியே கொஞ்சூண்டு இருந்துச்சின்னே வெச்சிக்க. அவ எறங்குனாவாட்டிதான் முத்திச்சி."

இதைவிட மோசமான தர்க்கத்தை நான் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன், கை தட்டியும் இருக்கிறேன். சொல்வதற்கு என்னிடம் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

"அக்கா, அன்னைக்கு வரப்புல நின்னு கேட்டீங்களே. நான் இல்லன்னு சொன்னேனே. அது பொய். அன்னைக்கு எனக்கு ரெண்டாவது நாள்."

மல்லாட்டை உடைக்கிற சத்தம் நின்றது.

"நாடா கட்டுனியே, எட்டு கொடி. அதாண்டதான் மொதல்ல மஞ்சளாச்சு" என்றார் மெதுவாக.

"ஆமா."

"அட பாவி!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்துபோய் போனை எடுத்தார். "ஏய், துணிய எடுத்துகினு வண்டி ஏறு. உம்மேல ஒண்ணுமில்ல. படிச்சவ ஒருத்தி பண்ண வேல" என்றார். இருபது நிமிஷ மைட்டோகாண்ட்ரியா செய்யாததை அந்த ஒரு வரி செய்துவிட்டது. பொய்யைத் திருத்த உண்மையைச் சொன்னேன், அந்த உண்மை அப்படியே அவருடைய தப்பான முடிவுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நான் திருத்தவில்லை. அந்தப் பெண் சாயங்காலத்துக்குள் வீடு திரும்ப வேண்டும், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

கிளம்பும்போது நாடாக்களை அவிழ்க்க வயலுக்குப் போனோம். கொடிகளைப் பிடுங்கிக் குவித்து வைத்திருந்தார்கள். அக்கா அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வண்டில பாலு வெச்சினு கீறியா?"

"இருக்குக்கா."

"இப்ப எடுத்தாந்து தெளி. செத்துப்போச்சு இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த விதைப்புப் பட்டத்தில் அக்கா மறுபடி தர்பூசணியே போட்டார். நான் போகவில்லை. போக முகமில்லை. தை மாதத்தில் ஒரு நாள் அந்த வழியாக வேறு வயலுக்குப் போகும்போது, தார்ச்சாலை ஓரத்தில், சவுக்கு நிழல் விழாத இடத்தில், ஒரு பெண் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

"நீதான அந்தப் படிச்ச அக்கா?"

மருமகள்தான். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"தூரம். முன்னல்லாம் கொடியத்தான் தொடக் கூடாது, தோப்புல உக்காந்துக்கலாம். உன் கதைக்கப்புறம் அத்த வரப்பு, தோப்பு எதாண்டயும் வுடறதில்ல. வூட்லயும் ஆள் இல்ல, சாவி அத்தகிட்ட கீது. மாசம் மூணு நாளு ரோட்ல உக்காந்துனு கீறேன்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் மாதிரி சொன்னாள். "நெஜத்த சொல்லுக்கா. அதால ஆச்சா, பிளேடால ஆச்சா?"

"பிளேடால."

"அத்தகிட்ட சொன்னியா?"

"மொதல்ல அதத்தான் சொன்னேன்."

"நம்பலன்னு வுட்டுட்டுப் போயிட்ட." எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். "வா. திரும்ப சொல்லு."

அவள் முன்னால் நடந்தாள். வரப்பு வரைக்கும் வந்து, அதற்கு மேல் போகாமல் நின்றாள். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை கோபம் காலுக்குப் போகாமல் பிடித்துக்கொண்டேன்.

"நான் இல்லக்கா. உங்க மருமகதான். எட்டு கொடி குடுங்க. ஓரத்துல குடுங்க போதும். அவ மோட்டார் கொட்டாயில சோப்பு போட்டுக் கைய கழுவிட்டு, அந்த எட்டையும் தொடட்டும். நாடா கட்டிடலாம். போச்சுன்னா நான் சொன்னது பொய்."

"சோப்பா? பாலு வேணாமா?"

"சோப்பு போதும்."

அக்கா யோசித்தார். வயலை ஒரு முறை, மருமகளை ஒரு முறை பார்த்தார். "கடைசி வரிசைல எடுத்துக்க. போச்சின்னா ஒன்னய இந்த ஊர்லயே சேக்கமாட்டேன்" என்றார். அது எனக்கா, மருமகளுக்கா என்று இருவருமே கேட்கவில்லை. அவள் முழங்கை வரைக்கும் நுரை போட்டுக் கழுவினாள். எட்டுக் கொடியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, இலை இலையாகத் தடவி, நாடா கட்டினாள். அன்று மட்டும் இல்லை, அடுத்த மாதமும் அந்த மூன்று நாளும் அந்த எட்டுக் கொடியை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

அறுவடையன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். யாவாரி நாடா கட்டின கொடியிலிருந்து ஒரு காயை எடுத்து அறுத்தான். உள்ளே நல்ல சிவப்பு. அக்கா ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். இன்னொரு காயை அறுக்கச் சொன்னார். எட்டுக் கொடியிலும் ஒவ்வொன்று அறுக்கச் சொல்லி எல்லாவற்றிலும் கடித்துப் பார்த்தார். மருமகள் வரப்பில் நின்றுகொண்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு பத்தாது" என்றார் அக்கா கடைசியில். "ஓரத்துல கீறது எப்பவுமே நல்லாத்தான் காய்க்கும். அடுத்த பட்டத்துல நடு வயல்ல பாஞ்சு, இருவது கொடி பாக்கணும்."

சில மாதம் முன்பு நான் கொடுத்த ஆய்வேட்டை மதிப்பிட்டவர் திருப்பி அனுப்பிய தாளிலும் இதேதான் எழுதியிருந்தது. அன்றைக்கு அழுதேன். இந்தத் தடவை எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது.

இந்த வருஷம் நடு வயலில் இருபது கொடிகளில் சிவப்பு நாடா இருக்கிறது. அந்த மூன்று நாளில் ரோட்டில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. நான் போனால் வரப்பில் வழிமறிப்பது இப்போது மருமகள்தான். தூரமா என்று கேட்பதில்லை. "கைய கழுவிட்டியா?" என்று கேட்கிறாள். கழுவிவிட்டேன் என்று சொன்னால் நம்புவதில்லை, தன் எதிரிலேயே இன்னொரு தடவை கழுவச் சொல்கிறாள். கழுவுகிறேன்.